தென்பெண்ணைக் கரையில் நீத்தார் கடன்

இல்வாழ்வான் ஓம்புதற்குரியார் ஐவரை எண்ணிய வள்ளுவர், தென்புலத்தாரையே முதற்கண் வைத்தார். உயிர் நீத்த முன்னோரை மறவாமை இல்லறத்தின் தலையாய கடமை என்பது இதனாற் பெறப்படும். இக்கடன் ஆற்றுவதற்கு மக்கள் இராமேசுவரத்தையும் காவிரித் துறைகளையும் நாடிச் செல்லுதல் யாவரும் அறிந்ததே. தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள கிருட்டிணகிரி மாவட்ட மக்களோ, தம் நாட்டு ஆற்றிலேயே இதற்குரிய துறையொன்றைப் பெற்றுள்ளனர். ஊத்தங்கரை வட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் அமைந்த அனுமன்தீர்த்தமே அது. அத்துறையின் பெருமையை அந்நிலத்துப் பழைய வழக்கங்களோடு இயைத்து ஈண்டு ஆராய்வோம்.

இத்துறையைச் சார்ந்த புராணக்கதை, ஆற்றையும் அருகிலுள்ள தீர்த்தமலையையும் ஒருசேரத் தழுவியது. இலங்கையினின்று மீண்ட இராமன், தீர்த்தமலையில் சிவபெருமானை வழிபட விழைந்து, கங்கைநீர் கொணருமாறு அனுமனைக் காசிக்கு அனுப்பினான். அனுமன் வரக் காலந் தாழ்ந்தது. இராமன் மலைப்பாறையில் அம்பெய்ய, ஆங்கே ஊற்றெழுந்தது. அந்நீரால் அவன் வழிபாட்டை முடித்தான். பின்னர் வந்த அனுமன், தான் கொணர்ந்த நீர் பயன்படாமை கண்டு வருந்தி அதனை எறிந்தான். அது வீழ்ந்த இடமே அனுமன்தீர்த்தமாயிற்று என்பர். இதனால் ஆற்றுத்துறையில் முதலில் நீராடி, அதன்பின் மலையேறி இராமதீர்த்தத்தில் நீராடுதல் முறையாயிற்று. ஆடி 18ஆம் நாளிலும் ஆடித் திங்கள் மறைமதி நாளிலும் மக்கள் இங்குத் திரளுகின்றனர். முன்னோரை நினைந்து எள்ளும் நீரும் இறைக்கின்றனர். தீர்த்தமலையை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியுள்ளார். சோழர் காலக் கல்வெட்டுகளும் அம்மலைக்கோயிலில் உள்ளன.

இக்கதையில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தொலைவிலுள்ள கங்கைநீர் வந்து சேருமுன்னரே, உள்ளூர்ப் பாறையின் ஊற்றுநீர் வழிபாட்டிற்குப் போதியதாயிற்று. காசிக்குச் செல்லும் வாய்ப்பில்லாத உழவரும் ஆயரும் தம் ஆற்றிலேயே கடனாற்றலாம் என்னும் கருத்து இக்கதையுள் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். இடம் மாறலாம், நீர் இன்றியமையாதது.

இனி, இந்நிலத்தின் மற்றொரு நீத்தார் வழிபாட்டைக் காண்போம். இறந்தோர்க்குக் கல்லெடுக்கும் வழக்கம் இங்கு மிகத் தொன்மையானது. கிருட்டிணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இன்றும் காணப்படுகின்றன. அதன் தெற்கே தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபின், அவனுக்கு நட்ட கல்லையும் அதற்குப் படைத்த கள்ளையும் கண்டு ஔவையார் வருந்திப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. செங்கம், அரூர், ஊத்தங்கரைப் பகுதிகளில் பல்லவர் ஆட்சியாண்டு பொறித்த நடுகற்கள் பல கிடைத்துள்ளன. தொறு எனப்படும் ஆநிரையைக் கவர்ந்தும் மீட்டும் பட்ட வீரர்க்கு எடுத்தவை அவற்றுட் பல. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல்லொன்று, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் நினைவுகூர்கின்றது. இத்தகைய கற்கள் பலவற்றை ஊர்மக்கள் இன்று வேடியப்பன் எனப் பெயரிட்டு வணங்குகின்றனர். ஓசூர்ப் பக்கத்தில் கன்னடம் பேசுவோர் அவற்றை வீரகல்லு என்பர்.

கல்லும் நீரும் வெவ்வேறு வழிபாடுகள் போலத் தோன்றும். எனினும் தொல்காப்பியம், கல்லெடுக்கும் நிகழ்ச்சியை ஆறு படிகளாக வகுத்து, மூன்றாவதாக நீர்ப்படையைக் கூறுகின்றது. நீராட்டிய பின்னரே கல் நடப்பெறும். சிலப்பதிகாரத்திலும் செங்குட்டுவன் கண்ணகிக்கென இமயத்திற் கொண்ட கல்லைக் கங்கையில் நீராட்டுவதை ஒரு காதையே விரித்துரைக்கின்றது. அனுமன்தீர்த்தக் கதையிலும் கங்கைநீரே முதலில் வேண்டப்படுகின்றது. இவ்வொப்புமை கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது எனத் துணிதல் பொருந்தாது. இறந்தோரை வாழ்வோரோடு பிணைக்கும் பொருள் நீரே என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொதுவானது என்று கூறுதல் தகும்.

இந்நாட்டில் அரசுகள் பன்முறை மாறின. பாராமகால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஓசூர் 1799க்குப் பின் வந்தது. சேலத்திலிருந்து தருமபுரி 1965இலும், தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரி 2004இலும் தனி மாவட்டங்களாயின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஓசூர்ப் பகுதியில் ஒருங்கே வழங்குகின்றன. ஆட்சியும் எல்லையும் மாறியும் நீத்தார் கடன் மாறவில்லை.

ஆனால் அக்கடனைத் தாங்கும் ஆறு மாறிவிட்டது. கருநாடகத்து நந்தி மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஆங்குத் தட்சிண பினாகினி எனப் பெயர் பெற்று, ஓசூரை அடுத்துத் தமிழகத்தில் நுழைகின்றது. கெலவரப்பள்ளி, கிருட்டிணகிரி நீர்த்தேக்கங்களைக் கடந்தே அது அனுமன்தீர்த்தத்தை அடைகின்றது. இந்நீர் பற்றி 1892இல் சென்னைக்கும் மைசூருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 2018இல் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீரின் அளவே வழக்காயினும், அதன் தூய்மையும் கவலைக்குரியதாயிற்று. பெங்களூரின் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் கலத்தலால், அண்மை ஆண்டுகளில் கெலவரப்பள்ளியிலிருந்து வெளியேறும் நீர் பன்முறை வெண்ணுரை பொங்கி ஓடியது. 1970களிலிருந்து ஓசூரிற் பெருகிய தொழில்கள் பல்லாயிரவர்க்கு வாழ்வளித்தன என்பது உண்மையே. ஆயினும் மேற்புறத்து நகரங்கள் ஆற்றில் விடுவதே, கீழ்ப்புறத்தில் முன்னோர்க்கு இறைக்கக் கையில் ஏந்தும் நீராகும் என்பதை மறத்தலாகாது.

கங்கைக்கு ஈடாக ஓர் ஊற்றினை ஏற்க நம் மரபு இடந்தந்தது. நீருக்கு ஈடாக ஏற்கத்தக்க பொருளை அது யாண்டும் கூறிற்றில்லை. நடுகற்களைத் தேடித் தொகுத்துக் காப்பகங்களில் வைத்துப் போற்றுகின்றோம். அதே நீத்தார் வழிபாட்டின் மற்றொரு கூறாகிய ஆற்றினையும் அவ்வாறே காத்தல் வரலாற்றுணர்வின்பாற் படும் என்பது நம் கருத்து.