மாணாக்கருக்குச் சோறிட்டோர்

புள்ளலூர் என்றதும் வரலாறு பயின்றோர் நெஞ்சில் போர்களே எழும். மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்ற களம் இது. 1780 செப்டம்பரில் ஐதர் அலியின் படையும் திப்புவும் கர்னல் பெய்லியை முறியடித்த களமும் இதுவே. ஆயினும் இவ்வட்டாரத்துக் கல்வெட்டுகளில் வேறொரு வரலாறும் உண்டு. அது கற்பாருக்குச் சோறிட்டோர் வரலாறு.

வந்தவாசியை அடுத்த வேடலின் பழம்பெயர் விடால். முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 885இல், அங்கே பொறிக்கப்பெற்ற கல்வெட்டு குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரைக் குறிக்கிறது. பெண்பாலார்க்கு ஆசிரியராய் விளங்கிய பெண் துறவி அவர். அப்பள்ளியின் 500 மாணாக்கியருக்கும் 400 தவப்பெண்டிருக்கும் இடையே கூடாமை நேர்ந்தது. அவ்வேளையில் ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிப்போம் என்று கல்லில் எழுதிக்கொடுத்தனர். பூசல் எழுந்த இடத்திலிருந்து கொடையாளர் மெல்ல விலகிக்கொள்வதே உலக வழக்கம். நம் காலத்து அறக்கட்டளைகளிலும் இதைக் காண்கிறோம். விடால் மக்களோ படிப்பு நின்றுவிடலாகாது எனப் பூசலின் நடுவிலேயே பொறுப்பேற்றனர்.

பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில், வணிகர் ஒருவர் எழுப்பிய மண்டபத்தில் வேதக் கல்லூரியும் 15 படுக்கை கொண்ட மருத்துவசாலையும் இயங்கின. சமயம் வேறாயினும் அக்கொடையின் நுட்பம் நாம் கற்கத்தக்கது. மாணாக்கருக்கு உணவோடு படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனி நீராட்டுக்கு எண்ணெய் என்று கணக்கிட்டு ஒதுக்கினர். கல்விக் கட்டணம் கிடைத்தும் விடுதிச் செலவுக்கு வழியின்றிப் படிப்பைக் கைவிட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

பொறியியலும் மருத்துவமும் பயில்வோர்க்கு இன்று எளிதில் உதவி கிட்டுகிறது. தமிழும் வரலாறும் பயில்வோரைப் பயன் கருதித் தயங்கியே நோக்குகின்றனர். கங்க மரபினனாகிய சீயகங்கன் அவ்வாறு தயங்கவில்லை. இலக்கணத்தால் அவன் கருவூலம் நிறையப்போவதில்லை, படையும் பெருகப்போவதில்லை. ஆயினும் பவணந்தி முனிவரை வேண்டி நன்னூல் செய்வித்தான். சமணர் செய்த அந்நூலுக்குப் பின்னாளில் சைவராகிய ஆறுமுக நாவலரே காண்டிகையுரை வகுத்தார். சாத்திர தானத்தின் பயன் கொடுத்தவன் அறியாத மனைகளிலும் சென்று சேரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தை 1387-88இல் எழுப்பியவர் விசயநகர அமைச்சர் இருகப்பர். ஆசிரியர் புட்பசேனர் பணித்தவாறு அதைச் செய்தார். ஆட்சிப் பணியின் இடையே நானார்த்த ரத்தினமாலை என்னும் வடமொழி நிகண்டை இயற்றியவரும் அவரே.