அச்சைத் தாண்டிய கோடு

கோடுகளின் கதை: 17

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பொம்மை செய்பவர்களிடம் ‘அச்சு’ என்று சொன்னால், வெள்ளை வெளேரென்ற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு பாதியாக இருக்கும். சேர்த்துக் கட்டி, கூழ் பதத்தில் கரைத்த களிமண்ணை வாய் வழியே ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் ஏடு போலப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, சற்று உலர்ந்ததும் கட்டை அவிழ்த்தால் உள்ளே பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். இரண்டு பாதியும் ஒட்டிய இடத்தில், அவர் தோள் நெடுக மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்த பிறகுதான் சூளைக்குப் போவார்.

அதே ‘அச்சு’ என்ற சொல்லைச் சிவகாசியில் சொன்னால் மிஷின் ஓடும் சத்தம் நினைவுக்கு வரும். 1972-இல் முத்து காமிக்ஸும், 1984-இல் லயன் காமிக்ஸும் பிறந்த ஊர். காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை நாம் சந்தித்தது அந்த அச்சில்தான். ஒரு பக்கத்தில் எத்தனை கட்டம், ஒரு கட்டம் எவ்வளவு அகலம், கதை எத்தனை பக்கத்தில் முடிய வேண்டும் என்பதையெல்லாம் கதாசிரியர் மட்டுமா முடிவு செய்தார்? காகிதத்தை மடிக்கும் கணக்கும் மிஷினின் அளவும் சேர்ந்தே முடிவு செய்தன. பொம்மையின் தோளில் ஓடும் வரம்பு போல, அச்சின் தடம் படக்கதையிலும் உண்டு. யாரும் அதைச் சுரண்டிப் பார்க்கவில்லை.

சுரண்டிப் பார்த்த ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அவர் பெயர் ஸ்காட் மெக்ளவுட்.

1960-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். பக்கத்து ஊரான லெக்சிங்டனில் வளர்ந்தார். அப்பா பொறியாளர், கண்டுபிடிப்பாளர், பார்வையிழந்தவர். படம் வரைவதையே பிழைப்பாகக் கொள்ளப்போகும் பிள்ளைக்கு, படத்தைப் பார்க்க முடியாத அப்பா! 2005-இல் டெட் மேடையில் பேசியபோது தொடக்கத்திலேயே அப்பாவைத்தான் நினைவுகூர்ந்தார் மெக்ளவுட்.

பள்ளி நாட்களில் அவருக்குச் சதுரங்கப் பித்து. கர்ட் பியூசிக் என்ற பள்ளித் தோழர்தான் அவரைக் காமிக்ஸ் பக்கம் இழுத்து வந்தார். இந்த பியூசிக்கும் பின்னாளில் பெயர்பெற்ற காமிக்ஸ் எழுத்தாளர் ஆனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1982-இல் பட்டம் பெற்ற மெக்ளவுட், டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். இன்னொருவர் வரைந்த பக்கத்தை அச்சுக்குத் தயார் செய்கிற பிரிவு அது. அந்த மேசையில் உட்கார்ந்தவருக்கு அச்சின் அளவுகள் விரல் நுனியில் பதிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 1984-இல் ‘ஸாட்!’ என்ற சொந்தத் தொடரைத் தொடங்கினார். 36 இதழ்கள் வந்தன. முதல் 10 வண்ணத்தில், மீதி கறுப்பு வெள்ளையில்.

1990-இல் ஒரு பந்தயம். மெதுவாக வரைபவர் என்று பெயரெடுத்த நண்பர் ஸ்டீவ் பிஸ்ஸெட்டிடம், ஒரே நாளில் ஒரு முழுக் கதை வரைய முடியுமா என்று கேட்டார் மெக்ளவுட். 24 மணி நேரம், 24 பக்கம். இருவருமே வரைந்து முடித்தார்கள். விளையாட்டாகத் தொடங்கிய அந்தப் பந்தயம் பல நாடுகளுக்கும் பரவியது. 2004 முதல் அதற்கென்றே ஆண்டுக்கொரு நாள் ஒதுக்கி, ஓவியர்கள் கூடி உட்கார்ந்து வரைகிறார்கள்.

அவரை உலகம் அறிந்தது 1993-இல் வந்த ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலால். காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காமிக்ஸ் வடிவிலேயே விளக்கும் நூல். அதில் ஒரு இடம் எனக்கு மறக்கவே மறக்காது. முதல் கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்கிக்கொண்டு வருகிறான், எதிரே இன்னொருவன் அலறுகிறான். அடுத்த கட்டத்தில் இருட்டிய நகரம், வானில் ஓர் அலறல். அவ்வளவுதான். வெட்டு விழுந்ததை ஓவியர் வரையவே இல்லை. அப்படியானால் வெட்டியது யார்? இரண்டு கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் கோடரியை இறக்கியது வாசகன்தான் என்கிறார் மெக்ளவுட். காமிக்ஸின் உயிர் அந்தச் சிறு இடைவெளியில் இருக்கிறது. நாம் சின்ன வயதில் மாயாவியின் உடல் மறைவதைக் கண்ணால் பார்த்ததாக நம்பினோமே, அதையும் நடத்தியது நம் மனசுதான்.

இடைவெளியைப் புரிந்துகொண்டவர் அதோடு நிற்கவில்லை. அந்த இடைவெளி ஏன் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று யோசித்தார். காகிதத்தில் அதற்குக் காரணம் இருந்தது. திரையில்?

இணையத்தில் படக்கதை போட்ட முதல் ஆள் மெக்ளவுட் இல்லை. டேவிட் ஃபார்லி 1993-லேயே ‘டாக்டர் ஃபன்’ என்ற கேலிச்சித்திரத்தை வலையில் ஏற்றினார். சார்லி பார்க்கர் 1995-இல் ‘ஆர்கன் ஸார்க்!’ கதையைத் திரைக்கென்றே வரைந்தார். ஆனால் பெரும்பாலோர் செய்தது, நாளிதழில் வரும் மூன்று கட்டத்தை அப்படியே திரைக்கு மாற்றியதுதான். தினத்தந்தியில் 1960-லிருந்து கன்னித்தீவு படித்தவர்களுக்கு அந்த மூன்று கட்டம் நன்றாகத் தெரியும். அச்சு போய்விட்டது, அச்சின் வடிவம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

1998-இல் தன் சொந்தத் தளத்தில் மெக்ளவுட் சோதனைகளைத் தொடங்கினார். வாசகர்கள் அனுப்பிய யோசனைகளால் பல பாதைகளாகக் கிளை பிரிந்த ‘கார்ல்’ கதை ஒன்று. தன் பழைய சதுரங்கப் பித்தைப் பற்றி 1999-இல் வரைந்தது இன்னொன்று. அதில் கட்டங்கள் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போலவே கிடக்கும். வாசகன் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போக வேண்டும். 2000-இல் வந்த ‘ரீஇன்வென்டிங் காமிக்ஸ்’ நூலில் தன் எண்ணத்தை முழுதாகச் சொன்னார். கணினித் திரையைப் பக்கம் என்று நினைக்காதே, ஜன்னல் என்று நினை. ஜன்னலுக்குப் பின்னால் படம் எந்தப் பக்கமும் எவ்வளவு தூரமும் நீளலாம். கிணற்றில் விழுகிறவனைக் காட்ட வேண்டுமா? வாசகன் கீழே தள்ளிக்கொண்டே போகட்டும். பத்து வருடம் கழிந்தது என்று எழுத்தில் சொல்வதற்குப் பதில், அந்தப் பத்து வருடத்துக்கும் இடத்தை விட்டுவிடு. முடிவில்லாத இந்தப் பரப்புக்கு ‘இன்ஃபினிட் கேன்வஸ்’ என்று பெயர் வைத்தார்.

எங்கள் மங்களூர், கடலூர் மாவட்டத்து மங்களூர். மானாவாரிக் கொல்லைகளில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஒன்றியம். அந்த நாட்களில் பிரவுசிங் சென்டர் என்றால் எனக்கு விருத்தாசலம்தான். அங்கே ஒரு மதியம் மெக்ளவுட்டின் நீளப் படம் ஒன்றைத் திறந்தேன். தொலைபேசி வழி இணைப்பு. படம் மேலிருந்து கீழே, நூல் நூலாக இறங்கியது. முதலில் வெறும் வானம். அப்புறம் தலைமுடி. நெற்றி வருவதற்குள் வெளியே இரண்டு பஸ் போய்விட்டது. “தம்பி, டைம் முடிஞ்சுது” என்றார் கடைக்காரர். “அண்ணே, இன்னும் முகமே வரல” என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, வரட்டும்” என்று விட்டுவிட்டார். கண் எதிரே யாரோ உட்கார்ந்து வரைகிறார் போல அந்த முகம் இறங்கி வந்ததை இன்றுவரை நான் மறக்கவில்லை.

பல வருடம் கழித்து திருவாரூர் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் அண்ணாந்து நின்றபோது அந்த மதியம் திரும்பி வந்தது. விதானம் முழுக்க முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை. சுமார் 300 ஆண்டுக்கு முந்தைய ஓவியங்கள். நீள நீளமான பட்டைகள், படத்தோடு தமிழில் விளக்க வரிகள். குரங்கு முகம் கொண்ட முசுகுந்தன் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருகிறான். இந்திரன் ஒரே சாயலில் ஏழு விடங்கரை, அதாவது ஏழு சிவ வடிவங்களை, எதிரே வைத்து, உண்மையானவரைக் கண்டுபிடி என்கிறான். முசுகுந்தன் சரியாகச் சொல்லிவிடுகிறான். அடுத்து என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால் நாம் நடக்க வேண்டும். அங்கே பக்கம் இல்லை, புரட்டுவதும் இல்லை. கால் நகர நகரக் கதை நகர்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றில் சுந்தரர் கதையை வரைந்த சோழர் கால ஓவியரும், திருமணத்தைத் தடுத்தது முதல் வெள்ளை யானையில் கயிலை போனது வரை ஒரே சுவரில் ஓட விட்டிருக்கிறார்.

மெக்ளவுட்டுக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. எகிப்தியக் கல்லறை ஓவியத்தையும், மெக்சிகோவின் பழைய மடிப்புச் சுவடியையும், பிரான்சின் பாயோ நகரத்துத் துணிச் சித்திரத்தையும் காமிக்ஸின் முன்னோர் என்று 1993-லேயே எழுதியவர் அவர். அந்த வரிசையில் திருவாரூர் விதானத்துக்கும் ஓர் இடம் உண்டு. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

அவர் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஓவியன் எப்படிச் சாப்பிடுவான் என்ற கேள்வி அது. அச்சு இல்லை, காகிதம் இல்லை, லாரி இல்லை, கடைக்காரர் கமிஷன் இல்லை. அப்படியானால் வாசகன் ஓவியனிடம் நேராகச் சில்லறை கொடுத்தால் போதுமே என்று கணக்குப் போட்டார் மெக்ளவுட். 2003-இல் ‘தி ரைட் நம்பர்’ என்ற கதையை பிட்பாஸ் என்ற சேவை வழியாக விற்றார். ஒரு பகுதி 25 சென்ட். தவறிப்போய் வேறு எண்ணைச் சுழற்றியதால் ஒரு பெண்ணைச் சந்தித்தவன், தொலைபேசி எண்ணுக்கும் மனித குணத்துக்கும் தொடர்பு உண்டென்று நம்பி அலைகிற கதை. வடிவம் அதைவிட விசித்திரம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அடுத்த கட்டம் சின்னதாகப் புதைந்திருக்கும். சொடுக்கினால் அது பெருகி வந்து திரையை நிரப்பும். அதன் நடுவில் அடுத்தது காத்திருக்கும். வாசகன் கதைக்குள் விழுந்துகொண்டே இருப்பான்.

இணையம் பற்றி எழுதிவந்த கிளே ஷிர்கி போன்றவர்கள் அப்போதே மறுத்தார்கள். இலவசமாகப் படிக்க ஆயிரம் இருக்கும்போது, நாலணா கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதே வாசகனுக்குச் சுமை என்பது ஷிர்கியின் வாதம். மெக்ளவுட் விடாமல் பதில் எழுதினார். காலம் ஷிர்கி பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜனவரியில் பிட்பாஸ் கடையைக் கட்டியது. நம் ஊர் டீக்கடையில் பத்து ரூபாயை போன் காட்டி அனுப்பும் யுபிஐ வந்தது 2016-இல். சில்லறையை அனுப்புவது தொழில்நுட்பத்துக்கு முடியாத காரியம் இல்லை என்று இன்று நமக்குத் தெரியும். டீக்குக் கொடுக்கும் கை கதைக்குக் கொடுக்கத் தயங்குகிறது. ஷிர்கி சொன்னது அந்தத் தயக்கத்தைத்தான்.

மெக்ளவுட் மெல்லக் காகிதத்துக்குத் திரும்பினார். 2006-இல் ‘மேக்கிங் காமிக்ஸ்’. 2008 செப்டம்பரில் வெளிவந்த தன் குரோம் உலாவியை உலகுக்கு விளக்க கூகுள் அவரிடம்தான் வந்தது. 38 பக்கக் காமிக்ஸ். அச்சடித்துத் தபாலில் அனுப்பிய பிரதி ஜெர்மனியில் ஒருவர் கைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்ததால், குரோம் வரும் செய்தி கூகுள் நினைத்த நாளுக்கு முன்பே வெளியானது. திரையைப் பக்கமாக நினைக்காதே என்று சொன்னவர், திரைக்கான மென்பொருளைக் காகிதப் பக்கங்களில் விளக்க நேர்ந்தது. 2015-இல் வந்த அவருடைய பெரிய நாவல் ‘தி ஸ்கல்ப்டர்’ கிட்டத்தட்ட 500 பக்கத் தடிமனான அச்சு நூல்.

அதனால் அவர் தோற்றார் என்று எழுதியவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தென்கொரியாவில் 2003-இல் டவும் தளமும், அடுத்த ஆண்டு நேவர் தளமும் வெப்டூன் எனும் இணையப் படக்கதைகளைத் தொடங்கின. காங் ஃபுல் என்ற ஓவியர் 2003-இல் வரைந்த காதல் கதை மேலிருந்து கீழே ஓடியது. பின்னால் கைபேசி வந்து, கட்டைவிரல் தள்ளத் தள்ள இறங்கும் அந்த வடிவம் பல நாடுகளுக்கும் போனது. எல்லாத் திசையும் திறந்திருக்கும் என்று மெக்ளவுட் சொன்னார். உலகம் கீழ்த்திசை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. பக்கம் என்ற அச்சு உடைந்ததென்னவோ உண்மை.

நம் நிலைமை எனக்கு வருத்தம் தருகிறது. தமிழ்ப் படக்கதை என்று கைபேசியில் திறந்தால், பெரும்பாலும் அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து ஏற்றியது வருகிறது. இரண்டு விரலால் பெரிதாக்கி, வசனத்தைத் தேடி, அடுத்த கட்டத்தைத் தவறவிட்டு, மறுபடி பின்னால் போய்ப் படிக்கிறோம். பக்கம் பக்கமாக வரைவதைக் குறை சொல்லவில்லை, அது தனிக் கலை. ஆனால் கைபேசியில் படிக்கப்போகும் கதையைக் கைபேசிக்கு என்றே வரையுங்கள். தொடங்கும் முன் ஒரு முறை திருவாரூருக்குப் போய், தேவாசிரிய மண்டபத்தில் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நின்றுவிட்டு வாருங்கள்.

‘தி ரைட் நம்பர்’ மூன்று பகுதியாகத் திட்டமிடப்பட்டது. இரண்டுதான் வந்தன. கடைசிக் கட்டத்தின் நடுவில் என்ன புதைந்திருந்தது என்பது மெக்ளவுட்டுக்கு மட்டுமே தெரியும்.

(தொடரும்)