ஆனந்தகுமார் வேல்குமார்

சென்னையைச் சேர்ந்த வேகச் சறுக்கு வீரர். ஒரே வரிசையில் சக்கரங்கள் பூட்டிய காலணியில் ஓடும் இன்லைன் பிரிவினர். 2025 செப்டெம்பரில் சீனாவின் பெய்தாய்ஹ நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் முதுநிலை ஆடவர் 1000 மீற்றரில் தங்கம் வென்றார்.

இன்லைன் ஓட்டத்துக்கு மிக நெருங்கிய உறவு பனித்தளத்துக் குறுந்தட ஓட்டம். 1992இல் அல்பேர்வில் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியான அதன் சுற்று 111.12 மீற்றர், சக்கரக்காரரின் தடம் 200 மீற்றர், வளைவுகளில் சாய்வாக உயரும். வீரர் கூட்டமாகப் புறப்படும் பந்தயங்களில் இரண்டிலும் கடிகாரத்தை விட இடமே பெரிது. முன்னே செல்பவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னே ஒட்டி வருபவர் மூச்சை மிச்சம் பிடிக்கிறார், கடைசி வளைவில் கணக்குத் தீர்கிறது. சக்கரத்தில் தொடங்கிப் பனிக்கு மாறியோர் பலர்: அமெரிக்காவின் அப்போலோ ஓனோ குறுந்தடத்திலும், எரின் ஜாக்சன் நெடுந்தடத்திலும் ஒலிம்பிக் தங்கம் பெற்றனர். இந்தியாவில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் எழுந்த ஹிமாத்ரி உள்ளரங்கு நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2025 ஓகஸ்டில்தான் ஆசியக் குறுந்தடப் போட்டியொன்றை நடத்தியது. சக்கரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒழுங்காகத் தார் போட்ட வீதி கிடைத்தால் எந்த ஊரிலும் பழகலாம்.

பதிவேடுகளில் ஆனந்தகுமாரின் பெயர் பளிச்சென்று தெரிவது 2021 முதல். அவ்வாண்டு கொலம்பியாவின் இபாகே நகரில் நடந்த இளையோர் உலகச் சாம்பியன்ஷிப்பில் 15 கிலோமீற்றர் நீக்கல் ஓட்டத்தை 24 நிமிடம் 14.845 செக்கனில் முடித்து வெள்ளி பெற்றார். நீக்கல் ஓட்டத்தில் குறித்த சுற்றுகளில் கடைசியாகக் கோட்டைத் தாண்டுபவர் வெளியே அனுப்பப்படுவார். முன்னே போய்க் களைப்பதும் ஆபத்து, பின்னே சோம்புவதும் ஆபத்து.

அதிகம் எழுதப்பட்டது 2023 ஒக்டோபர் 2ஆம் திகதி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3000 மீற்றர் அஞ்சலோட்டம். ஆர்யன்பால் சிங் குமன், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்களே ஆகியோருடன் இவர் இடம்பெற்ற இந்திய அணி 4 நிமிடம் 10.128 செக்கனில் வெண்கலம் பெற்றது. ஆனால் அந்தப் பந்தயத்தை உலகம் நினைவில் வைத்திருப்பது முன்னால் நடந்த வேறொன்றுக்காக. தென்கொரியாவின் ஜோங் சொல்-வொன் தங்கம் கைக்கு வந்துவிட்டதென்று கோட்டுக்கு முன்பே இரு கைகளையும் உயர்த்தினார். பக்கத்தில் தாய்வானின் ஹுவாங் யூ-லின் குனிந்து காலை எட்டி நீட்டினார். தாய்வான் 4:05.692, கொரியா 4:05.702. ஆசிய விளையாட்டுத் தங்கம் கட்டாய இராணுவச் சேவையிலிருந்து கொரிய வீரருக்கு விலக்குத் தருவது. அந்த நூறில் ஒரு செக்கனோடு ஜோங்குக்கும் தோழர் சோய் இன்-ஹோவுக்கும் அதுவும் போயிற்று. முந்திய நாள்களில் வேறொரு தங்கம் வென்றிருந்த மற்றொரு தோழர் சோய் குவாங்-ஹோவுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. நாலரை செக்கன் பின்னே வந்த இந்தியரைப் பற்றி இவ்வளவு மை செலவாகவில்லை. 2010 குவாங்சோவில் அனூப் குமார் யாமா கலைச் சறுக்கில் பெற்ற வெண்கலங்களுக்குப் பிறகு சறுக்கில் இந்தியா ஆசிய விளையாட்டுப் பதக்கம் கண்டது அன்றுதான். அதே நாளில் மகளிர் அணியும் வெண்கலம் பெற்றது. அதில் தமிழ்நாட்டின் ஆரதி கஸ்தூரி ராஜ் இருந்தார்.

2025 ஓகஸ்டில் செங்டு உலக விளையாட்டில் 1000 மீற்றர் வெண்கலம், 1:22.482. அடுத்த மாதம் பெய்தாய்ஹவில் 500 மீற்றரில் வெண்கலம் (43.072 செக்கன்), 1000 மீற்றரில் தங்கம் (1:24.924). குறுந்தூரக்காரர் என்று முத்திரை குத்த முடியாதபடி, அதே போட்டித் தொடரில் 42 கிலோமீற்றர் மரதனையும் வென்றார்.

இவரை வேகச் சறுக்கில் உலகச் சாம்பியனான முதல் இந்தியர் என்று செய்திகள் பொதுவாகக் குறிக்கின்றன. அதே தொடரில் கிரிஷ் சர்மா இளையோர் 1000 மீற்றரில் தங்கம் பெற்றிருப்பதால், முதுநிலைப் பிரிவில் முதலாமவர் என்று எழுதுவதே பாதுகாப்பானது.