மந்திரியான அண்ணகன்: மலைநாட்டுத் திருச்சபையும் மறைக்கப்பட்ட விசுவாசிகளும்

இலங்கையிற் கிறித்தவத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மிஷன் சங்கங்களின் அறிக்கைகளையே மூலங்களாகக் கொண்டனர். ஞானஸ்நானம் பெற்றோரின் தொகையும் கட்டப்பட்ட ஆலயங்களின் விவரமும் அவற்றில் உண்டு. தன்பாலீர்ப்பினரும் திருநங்கையரும் திருச்சபையினுள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அவற்றில் இடமில்லை. அவர்களை நேரடியாகக் காட்டும் ஆவணங்கள் அரியனவாதலின், அவர்களைக் குற்றவாளிகளாகவும் பாவிகளாகவும் ஆக்கிய ஏற்பாடுகள் எத்தகைய பொருளியற் சூழலில் உருப்பெற்றன என்பதிலிருந்து தொடங்குதலே பொருத்தம் என்பது நமது கருத்து. கண்டி நகரும் ஹந்தானை மலைச்சாரலும் இதற்குத் தக்க களங்களாக அமைகின்றன.

கோப்பித் தோட்டத் தொழிலாளரிடையே சமயப்பணி புரிவதற்கென 1854ஆம் ஆண்டு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பெற்றது. (தன் பெயரிலேயே வர்க்கத்தைப் பொறித்துக்கொண்ட சமய நிறுவனங்கள் உலகில் அதிகமில்லை.) தோட்டத்துரைமார் பணம் உதவினர், உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தனர். அன்றைய தொழிலாளருட் பெரும்பாலோர் மன்னார் வழியே கால்நடையாக வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிய ஆடவர். தொழிலாளியின் குடும்பம் அப்பொழுது துரைக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்க, தேயிலை அதன் இடத்தைப் பற்றிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும்; பெண்களின் உழைப்பு வேண்டும்; நாளைய தொழிலாளரைப் பெற்று வளர்க்கும் குடும்பமும் வேண்டும். லயத்துக்குள் அடங்கிய குடும்பம் பெருந்தோட்ட உற்பத்தியின் உறுப்பாயிற்று.

இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த தறுவாயிலேயே, 1883இல், தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதன் 365ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ புணர்ச்சியைப் பத்தாண்டுச் சிறைவரை தண்டிக்கத்தக்க குற்றமாக்கியது. தேயிலையே இச்சட்டத்தை ஈன்றது என்று கூறின் அது எந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். 1860ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 377ஆம் பிரிவே இதற்கு மாதிரி என்பது வெளிப்படை. ஆயினும் துரையும் நீதிபதியும் பாதிரியாரும் ஒரே வகைக் குடும்பத்தையே ‘இயற்கை’ எனக் கண்டனர் என்பது மனங்கொளத்தக்கது. குடும்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டென வாதிட்ட ஏங்கல்சின் நூல் அடுத்த ஆண்டிலேதான், 1884இல், வெளிவந்தது.

இலக்கிய மாணாக்கராகிய நமக்கு இவற்றினும் முக்கியமானது வேதாகமத் தமிழ். பேர்சிவல் பாதிரியாருடன் ஆறுமுக நாவலர் உழைத்த யாழ்ப்பாண மொழிபெயர்ப்பைப் பற்றி நிரம்பப் பேசியுள்ளோம். அதனைப் பின்தள்ளிப் புரட்டஸ்தாந்து சபைகளில் நிலைபெற்ற போவர் குழுவினரின் மொழிபெயர்ப்பை அவ்வளவாக ஆராய்ந்தோமில்லை. அப்போஸ்தலருடைய நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேமில் தொழுதுவிட்டுத் திரும்பும் எத்தியோப்பியன் ஒருவனைப் பிலிப்பு வழியிற் சந்திக்கிறான். கிரேக்க மூலம் அவ்வெத்தியோப்பியனை ஐந்து முறை ‘யூனுக்கோஸ்’, அதாவது அண்ணகன், என்று குறிக்கிறது. தமிழ் வாசகர் அங்குக் காண்பதோ ‘மந்திரி’ என்னும் சொல்லை.

மொழிபெயர்ப்பாளர் அண்ணகன் என்னும் சொல்லை அறியாதவரல்லர்; ஏசாயா 56ஆம் அதிகாரத்திலும் மத்தேயு 19ஆம் அதிகாரத்திலும் அதனையே ஆள்கின்றனர். கீழைநாட்டு அரசவைகளில் அண்ணகர் உயர்பதவி வகித்தமையால் அச்சொல் அதிகாரியையும் குறித்ததுண்டு. எனவே அவர்மீது வஞ்சகம் கற்பித்தல் முறையன்று. எனினும் விளைவு பாரதூரமானது. விதையடிக்கப்பட்டவன் சபைக்குட் புகலாகாது என்பது உபாகமத்தின் விதி. அவ்விதியைத் தளர்த்தி, அண்ணகனுக்குத் தேவாலயத்தில் நிலையான இடத்தை வாக்களிக்கிறது ஏசாயா. எத்தியோப்பியன் தேரிலிருந்து வாசித்துக்கொண்டிருந்ததும் ஏசாயாவின் சுருளே. ஞானஸ்நானம் பெறத் தனக்கு என்ன தடை என அவன் வினவுவது இந்த நீண்ட விலக்கலின் பின்னணியிலேயே முழுப்பொருள் பெறும். மந்திரி ஒருவன் அவ்வாறு கேட்பதில் என்ன இருக்கிறது? மந்திரிக்கு எந்தக் கோவிலிலும் தடையில்லையே!

மறுபுறம், கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் ‘மென்மையானவர்’ என நேர்ப்பொருள்படும் கிரேக்கச் சொல் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ ஆயிற்று. விக்டோரியா காலத்து அச்சமொன்று அதில் ஒலிக்கிறது. அதனை அடுத்து நிற்பது, பவுலுக்கு முந்திய எழுத்துக்களிற் காணப்படாததும் பொருள் பற்றி அறிஞர் இன்றும் பிணங்குவதுமான ஒரு சொல். அது ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என ஐயத்துக்கு இடமின்றிப் பெயர்க்கப்பட்டது. ஏற்கும் இடத்தில் மங்கலான சொல், விலக்கும் இடத்திற் கூர்மையான சொல்: மலையகச் சபைகளுக்குக் கிடைத்த வேதாகமத் தமிழ் இதுவே.

கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயம் வேறொரு சான்றைத் தருகிறது. கண்டிய மரபிற் செதுக்கிய கற்றூண்கள் தாங்கும் அவ்வாலயத்தில், 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் டேவிட் பெயின்ரர் (1900-1975) சுவரோவியங்களைத் தீட்டினார். ஆங்கில மிஷனரிக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த அவர், சுவிசேஷக் காட்சிகளை இந்நாட்டு நிலத்திலும் இந்நாட்டு மனிதரின் உடலிலும் கண்டார். 1935இல் அவர் வரைந்த ‘லாப்ரே மிடி’ இரு இளைஞரை நிர்வாணமாகக் காட்டுவது. இப்பொழுது இங்கிலாந்தின் பிரைற்றன் அரும்பொருளகத்தில் உள்ளது. ஆணுடலை நோக்கும் அன்பார்ந்த பார்வையொன்றை விமரிசகர் இவ்வோவியத்திற் கண்டுள்ளனர். ஓவியரின் தனிவாழ்வைத் துருவுதல் நமது நோக்கமன்று. மேட்டுக்குடிக் கல்லூரியின் பலிபீடத்தருகே கலையின் பெயரால் அப்பார்வைக்கு இடம் கிடைத்தது என்பதே நமக்கு வேண்டுவது. சுவருக்குச் சுவர் ஒட்டிய லயத்தில், மறைவென்பதே இல்லாத தொழிலாளிக்கு அத்தகைய இடம் எங்கும் இருந்ததில்லை.

இடதுசாரிகளும் இவ்விடத்தில் நெடுங்காலம் உதவவில்லை. 1922இற் சோவியத் ருசியா குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியதை 1934இல் மீளச் சேர்த்தது. ‘பூர்சுவாச் சீரழிவு’ என்ற வாய்பாடு நம்மவரிடையேயும் வழங்கிற்று. இலங்கையிலோ 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவிலிருந்த ‘ஆண்கள்’ என்பதை ‘ஆட்கள்’ என மாற்றிப் பெண்களையும் குற்ற வரம்புக்குட் கொணர்ந்தது. 2016இல் உயர் நீதிமன்றம் வழக்கொன்றிற் குற்றத்தீர்ப்பை நிலைநிறுத்திய போதிலும் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் அது தீர்மானித்தது. 2024 செப்டெம்பரிற் பாராளுமன்றம் கலைக்கப்பட, சட்டமூலமும் வீழ்ந்தது.

தன்பாலுறவை வேதாகமத்துக்கு ஒவ்வாததெனக் கூறிய 1998ஆம் ஆண்டு லாம்பெத் ஆங்கிலிக்கன் பேராயர் மாநாடு, அத்தீர்மானத்திலேயே அவ்வியல்புடையோரின் அனுபவங்களைச் செவிமடுக்க உறுதியளித்தது. 365அ நிலவும் நாட்டில், சபையில் எழுந்து தன் இல்வாழ்வைக் கூறும் விசுவாசி சட்டத்தின்முன் குற்றத்தை ஒப்புக்கொள்பவராகிறார். எனவே செவிமடுத்தல் சட்டத் திருத்தத்தைக் கோருதலிலேயே தொடங்கவேண்டும். 1963இல் நிறுவப்பட்ட பிலிமத்தலாவை இலங்கை இறையியற் கல்லூரி பேராதனைக்கு அணித்தே உள்ளது. நடபடிகளின் எட்டாம் அதிகாரத்தை அங்குப் பயிலும் தமிழ்க் குருமாணவர், ‘மந்திரி’ என்ற சொல்லுக்கு ஓர் அடிக்குறிப்பேனும் எழுத முற்படுதல் தகும்.