பெற்றோரை ஒன்றுசேர்த்த குற்றம்

1972-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மைக்கேல் வில்கின்ஸ் என்னும் மருத்துவரும், எலிசபெத் லீ என்னும் சமூகப் பணியாளரும் வேலையினின்று நீக்கப்பட்டனர். வில்லோபுரூக் அரசு விடுதிப் பள்ளியில் பிள்ளைகள் படும் பாட்டைப் பெற்றோரிடம் எடுத்துரைத்து, ஒன்றுகூடிக் கேளுங்கள் என்று அவர்களைத் தூண்டியதே காரணம்.

அறிவுசார் குறைபாடுடையோர்க்கென 1947-இல் தொடங்கப்பெற்றது அந்நிலையம். நாலாயிரவர்க்குரிய இடத்தில் 1965-இல் ஆறாயிரவருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர். அவ்வாண்டு நேரில் கண்ட செனட்டர் இராபர்ட் கென்னடி, அதனைப் பாம்புக்குழி என்றார். பள்ளி என்பது பெயரளவில்தான்.

1956 முதல் அங்கு சால் குருக்மன் என்னும் மருத்துவரின் குழுவினர், புதிதாகச் சேர்ந்த குழந்தைகளின் உடலில் கல்லீரல் அழற்சிக் கிருமியை வேண்டுமென்றே செலுத்தி ஆராய்ந்தனர். பெற்றோர் ஒப்புதல் தந்தனரே என்பர். எவ்வாறு தந்தனர்? 1960-களில் இடமின்மையால் பொதுச் சேர்க்கை நின்றபோது, ஆராய்ச்சிப் பிரிவில் மட்டும் இடமிருந்தது. பிள்ளையை வீட்டில் வைத்துப் பேண வழியற்ற தாய் வேறென்ன செய்வாள்? நம் பாட்டன்மார் படிக்கத் தெரியாமல் பத்திரங்களில் கைநாட்டு வைத்தனர். இவர்களோ படிக்கத் தெரிந்தவர்கள். தாளில் எழுதியிருந்ததைப் படித்தார்கள், எழுதாமல் விட்டதை அறிந்திலர்.

வேலை போயிற்றே தவிர, 6-ஆம் கட்டடத்தின் சாவி வில்கின்ஸிடமே இருந்தது. தொலைக்காட்சிச் செய்தியாளர் கெரால்டோ ரிவேராவை அவர் உள்ளே அழைத்துச் சென்றார். ஆடையின்றித் தரையில் கிடந்த பிள்ளைகளை நாடே கண்டது. பதினெட்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்த பெர்னார்டு கராபெல்லோ என்னும் இளைஞர், தாம் பட்ட அடியுதையைத் தம் வாயாலேயே கூறினார். அவருக்கிருந்தது மூளை முடக்குவாதம்; அறிவில் குறையேதும் இல்லை!

அவ்வாண்டு மார்ச்சில் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1975-இல் உடன்பாட்டுத் தீர்ப்புக் கிடைத்தது. 1987-இல்தான் அந்நிலையம் மூடப்பட்டது. இடையில், பிள்ளைகளை வெளியே கொணர அஞ்சி எதிர்த்த பெற்றோரும் உளர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; போக்கிடம் எது என்று அவர்களுக்கு எவர் சொன்னார்?

கொடுமைக்கு மதிற்சுவர் வேண்டுவதில்லை. வீட்டிலும் தெருவிலும் அது நிகழும். இப்பிள்ளை சொன்னால் யார் நம்புவர் என்னும் துணிவே கொடியவனுக்கு முதல். அத்துணிவை முறிக்க நம் நாட்டில் 2012-இல் வந்த போக்சோ சட்டம், குழந்தையின் உடல் அல்லது மனக் குறைபாட்டைப் பயன்படுத்தி இழைக்கும் பாலியல் வன்கொடுமையைக் கடுங்குற்றமாக வகுத்துள்ளது. பெற்றோர் உடனிருக்க, காவலர் சீருடையின்றி, வீட்டிலேயே வாக்குமூலம் பதியலாம். சிறப்பு ஆசிரியரையோ, பிள்ளையின் சைகையும் மழலையும் புரிந்த ஒருவரையோ துணைக்கு அழைக்கலாம். மனவயது எதுவாயினும் உடல்வயது பதினெட்டைக் கடந்தோர்க்கு இச்சட்டம் பொருந்தாது என 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அவ்வயது கடந்த மகள் இத்தகைய கொடுமைக்கு ஆளாகிப் புகார் தரும்போதும், சிறப்பு ஆசிரியரின் துணைக்குப் பொதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமுண்டு. காவல் நிலையத்தில் அதனைக் கேட்டுப் பெறவேண்டியவர் பெற்றோரே.