கர்நாடக கீர்த்தனையில் எலெக்ட்ரிக் கிட்டார்: 'அகம்' இசைக்குழுவின் 2-வது ஆல்பத்தை இப்போ ஏன் கேட்கணும்?

கிழக்கு கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை காரில் போகும்போது கேட்க ஒரு ஆல்பம் தேடுகிறீர்களா? பெங்களூருவைச் சேர்ந்த 'அகம்' இசைக்குழு 2017-ல் வெளியிட்ட 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' நல்ல தேர்வு. 2025-ல் மூன்றாவது ஆல்பம் வந்த பிறகும், இதைத் திரும்பக் கேட்க வலுவான காரணம் இருக்கிறது.

யார் இந்த 'அகம்'?

2003-ல் தொடங்கிய குழு. பாடகர், வயலின் கலைஞர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன். முதல் ஆல்பம் 2012-ல் வந்தது. இவர்களின் பாணி, கர்நாடக இசை கலந்த புரோகிரசிவ் ராக்.

அதென்ன புரோகிரசிவ் ராக்?

1960-களின் இறுதியில் பிரிட்டனில் வளர்ந்த வகை. பாட்டு நீளமா இருக்கும். நடுவில் வேகமும் தாளக்கணக்கும் மாறும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என விரியும் கீர்த்தனைக்கு இது ஓரளவு பொருந்தும்.

ஆல்பத்தில் என்ன ஸ்பெஷல்?

தியாகராஜரின் 'மனவ்யாலகிஞ்சராததே', முத்துசுவாமி தீட்சிதரின் 'ரங்கபுர விஹார' இருக்கின்றன. ஆனால் கவனிக்க வேண்டியது, பாகேஸ்ரீ ராகத்தில் அமைந்த 'சாகர சயன விபோ'. இயற்றியவர் எம்.டி.ராமநாதன் (1923–1984). டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தவர். கனத்த குரலில், சவுக்க காலத்தில் நிதானமாகப் பாடுவதற்கே பேர் போனவர். அவர் பாட்டுக்கு டிரம்ஸ் என்றால் சும்மாவா?

எங்கே சிக்கல்?

கர்நாடக ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்காது, கமகத்தில் அசையும். கிட்டாரின் கார்டு ஒரே இடத்தில் நிற்கும். இரண்டும் மோதினால் ராகம் கலையும். பக்திப் பாடலை டிரம்ஸ் சத்தம் அமுக்கிவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. ஆனால், ராகத்தை விட்டுவிடாமல் பாடும் குரல்தான் இங்கே பாட்டைத் தாங்குகிறது.

மாமல்லபுரத்துக்கு என்ன தொடர்பு?

பாடல் இந்த ஊரைப் பற்றியது என்று சொல்ல முடியாது. ஆனால் 'சாகர சயன விபோ' என்றால் 'கடலில் பள்ளிகொண்ட இறைவா' என்று பொருள். கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கலாம். ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாளோ, தரையில் சயனித்திருக்கிறார்.

எப்படிக் கேட்பது?

முதலில் எம்.டி.ராமநாதன் பாடியதைக் கேளுங்கள். அப்புறம் 'அகம்'. எது கூடியிருக்கு, எது குறைஞ்சிருக்குனு உங்க காதே சொல்லிடும்.