சான் பிரான்சிஸ்கோ சீனர்களின் சமூக வானொலி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரின் சைனாடவுன், அந்நாட்டின் மிகப் பழைய சீனர் குடியிருப்பு ஆகும். இங்கு 1939ஆம் ஆண்டு முதல் சீன மொழி வானொலி நிகழ்ச்சிகள் ஒலித்து வந்துள்ளன. அவை சொந்த நிலையத்திலிருந்து ஒலிக்கவில்லை. ஆங்கில நிலையங்களில் குறிப்பிட்ட நேரத்தைப் பெற்று நடத்தப்பட்டவை.

சட்டத்தின் தடை

1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்தது. ஏற்கெனவே வந்து வாழ்ந்தவர்கள் குடியுரிமை பெறுவதையும் தடுத்தது. 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டமோ, குடியுரிமை இல்லாதவருக்கு வானொலி உரிமம் கிடையாது என்றது. இரண்டாவது சட்டத்தில் சீனர் என்ற சொல்லே இல்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படித்தால், சீனாவிலிருந்து வந்து குடியுரிமை பெற முடியாத ஒருவர் அமெரிக்காவில் வானொலி நிலையம் நடத்த வழியே இல்லை என்பது விளங்கும். விலக்குச் சட்டம் 1943இல் நீக்கப்பட்டது. அப்போதும் ஆண்டுக்கு 105 பேர் என்ற அளவே சீனர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

இந்தச் சூழலில்தான் தாமஸ் டோங் என்பவர் 1939இல் 'கோல்டன் ஸ்டார்' என்ற சீன நிகழ்ச்சியைத் தொடங்கினார். அது பல பத்தாண்டுகள் நீடித்தது.

எந்தச் சீன மொழி?

சைனாடவுனின் பழைய குடும்பங்களில் பெரும்பாலானவை தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்திலிருந்து, குறிப்பாகத் தொய்சான் வட்டாரத்திலிருந்து வந்தவை. தொய்சான் பேச்சும் குவாங்சௌ நகரின் கன்டனீஸ் பேச்சும் உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. செய்தித்தாளுக்கு இதனால் சிக்கல் இல்லை. ஒரே எழுத்தை அவரவர் தம் பேச்சில் படித்துக்கொள்வார்கள். வானொலியில் அப்படி முடியாது. அறிவிப்பாளர் வாய் திறந்தவுடன் ஏதேனும் ஒரு பேச்சைத் தேர்ந்துகொண்டாக வேண்டும். மதிப்பு மிக்கதாகக் கருதப்பட்ட கன்டனீசே அந்த இடத்தைப் பிடித்தது.

இதே பகுதியில் இயங்கிய சீனத் தொலைபேசி நிலையம் இங்கே நினைக்கத்தக்கது. அதன் பெண் இயக்குநர்கள் ஆங்கிலத்தோடு பல சீன வட்டாரப் பேச்சுகளையும் அறிந்திருந்தனர். சந்தாதாரர்களை எண்ணால் அன்றிப் பெயராலேயே கேட்பது அங்கு வழக்கம். 1949இல் சுழல் எண் தொலைபேசி வந்தபின் அது மூடப்பட்டது.

ஆங்கிலத்துக்கும் கன்டனீசுக்கும் இடையிலும் இடர் இருந்தது. ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒலியைத் தழுவி 'சாம் பான் சீ' என்றும் சொல்லலாம். தங்க வேட்டைக் காலத்தை நினைவூட்டும் 'பழைய தங்கமலை' என்ற சீனப் பெயராலும் சொல்லலாம். முக்கியக் கடைத்தெருவான டூபாண்ட் தெருவுக்கு 1906 நிலநடுக்கத்துக்குப் பின் கிராண்ட் அவென்யூ என்று பெயர் மாற்றினார்கள். சீனர்களோ 'டூபான் காய்' என்றே தொடர்ந்து அழைத்தனர் ('காய்' என்றால் தெரு). ஆக, ஒரு முகவரியைச் சொல்வதற்கே இரு மொழி அறிவு தேவைப்பட்டது.

ஹோன் சிங் நிகழ்ச்சி

1971 முதல் 1984 வரை ஒலித்த 'ஹோன் சிங்' சீன சமூக நேரம், தன்னார்வலர்கள் வாரந்தோறும் நடத்திய கன்டனீஸ் நிகழ்ச்சி. இதில் முக்கியப் பங்காற்றியவர் ஹிம் மார்க் லாய் (1925–2009). தொழிலால் இயந்திரப் பொறியாளர். ஓய்வு நேரத்தில் வரலாற்றாசிரியர். 1969இல் பிலிப் சோய் என்பவருடன் சேர்ந்து, சீன அமெரிக்கர் வரலாற்றுக்கான முதல் கல்லூரிப் பாடத்தை சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் நடத்தினார்.

இந்நிகழ்ச்சியின் துணிவை உணர, அதற்கு முந்திய காலத்தை அறிய வேண்டும். 1949 அக்டோபர் 9 அன்று, மக்கள் சீனக் குடியரசு பிறந்ததைக் கொண்டாட சைனாடவுனில் கூடிய கூட்டத்தைக் கோமின்டாங் ஆதரவு அடியாட்கள் தாக்கிக் கலைத்தனர். 1956 முதல் அரசு நடத்திய 'ஒப்புதல்' திட்டம், பொய் உறவுமுறை காட்டிக் குடியேறியவர்களைத் தாமே முன்வந்து சொல்லும்படி கேட்டது. ஒருவர் உண்மை சொன்னால் அவருடைய உறவினர் பலரும் சிக்கிக்கொள்வர். வெளிப்படையாகப் பேசப் பலரும் அஞ்சிய இடத்தில் மாற்றுக் கருத்துடைய சிலர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தனர்.

தேவையும் அப்போது பெருகியிருந்தது. 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பின் ஹாங்காங்கிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பெண்கள் தையற்கூடங்களில் வேலை செய்தனர். கையில் துணி இருக்கும்போது செய்தித்தாளை விரிக்க முடியாது; காது மட்டுமே ஓய்வாக இருக்கும். அவர்கள் வாழ்வைத் தொட்ட செய்திகளோ ஆங்கிலத்தில் பிறந்தன. 1974 ஜனவரியில் லாவ் எதிர் நிக்கல்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. இந்நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர் சுமார் 1,800 பேருக்குத் தனி மொழி உதவி எதுவும் கிடைக்கவில்லை. புரியாத மொழியில் பாடம் நடத்துவது சம வாய்ப்பு ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே வாக்குரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, தகுதிபெற்ற பகுதிகளில் சீனம் முதலிய மொழிகளிலும் வாக்குச் சீட்டு அச்சிட வழி பிறந்தது. தம் பிள்ளையின் வகுப்பறை பற்றிய தீர்ப்பு வந்திருப்பதைப் பெற்றோர் அறிய, யாராவது அதை அவர்கள் மொழியில் சொல்லியாக வேண்டும்.

பிற்காலம்

ஹிம் மார்க் லாய் சேர்த்த ஆவணங்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இனவியல் நூலகத்தில் உள்ளன. அந்த வட்டாரச் சீன வானொலியில் இன்று இருமொழி என்றால் பெரும்பாலும் கன்டனீசும் மாண்டரினுமே. தொய்சான் பேச்சைக் கேட்க விரும்புவோர், சைனாடவுன் முதியோர் சதுரங்கம் ஆடும் போர்ட்ஸ்மவுத் சதுக்கத்துக்குத்தான் செல்ல வேண்டும்.